விமலாராணி எழுதிய நூலிலிருந்து வாசகம்

சனிக்கிழமை காலை பால்காரர் "அரை லிட்டரா, ஒரு லிட்டராம்மா?" என்று கேட்டபோதுதான் விமலாராணிக்குத் தன் குரல் போன விஷயம் தெரிந்தது. வாயைத் திறந்தாள். காற்று வந்தது. மறுபடியும் திறந்தாள். சைக்கிளுக்குப் பம்பு அடிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. பால்காரர் மிரண்டுபோய் ஒரு லிட்டராகவே ஊற்றிவிட்டுப் போனார்.

காரணம் அவளுக்குத் தெரியும். மிக்ஸி.

அன்று மாலை ஆறரை மணிக்கு, விருத்தாசலம் கடைத்தெருவில் இருக்கும் ஃப்ளோரா புத்தக நிலையத்தில் அவள் தன் கதையை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். பள்ளிக்கூட நோட்டும், கைடும், கல்யாணப் பத்திரிகையும் விற்கிற கடை அது. அதன் முதலாளியம்மா ஃப்ளோராவுக்குத் திடீரென்று இலக்கிய ஆசை வந்து, மூன்று மாதமாக மாதம் ஒரு எழுத்தாளரை வரவழைத்து 'வாசக மாலை' நடத்துகிறாள். முதல் மூன்று பேரும் வெளியூர். நாலாவதாக உள்ளூர்க்காரி விமலாராணி. பீங்கான் கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதும் வேலை அவளுக்கு. போன மாதம்தான் முதல் சிறுகதைப் புத்தகம் வந்திருந்தது.

ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தாள், சமையலறையில், மிக்ஸியை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கத்தி. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் கணவர் பிலோமின்ராஜின் காதில் கதை விழுந்துவிடக் கூடாது என்பதற்காக. ஏழு நாளும் சட்னி சந்தனம்போல் வழவழவென்று வந்தது. பிலோமின்ராஜ் ஏழு நாளும் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்கிற ஆளாக இருந்தால் அந்தக் கதையே வந்திருக்காது.

பிலோமின்ராஜ், விவசாயிகள் தானிய மூட்டை கொண்டுவந்து விற்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கிளார்க். நல்ல மனிதர். குடியில்லை, சிகரெட்டில்லை, கைநீட்டியதில்லை. ஆனால் வீட்டில் அவரிடம் மொத்தம் நாலு வார்த்தைதான் இருந்தது. 'ம்', 'சரி', 'வெச்சிடு', 'போயிட்டு வரேன்'. இந்த நாலையும் வைத்துக்கொண்டு இருபத்தி நாலு வருஷம் குடும்பம் நடத்திவிட்டார். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் இரண்டாம் பூசையில் எழுந்துபோய் மைக் முன்னால் நின்று பைபிள் வாசகம் வாசித்தால், கோயிலே காது கொடுக்கும். அழுகிற குழந்தைகூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். அப்படி ஒரு குரல். கனமாக, நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துத் துடைத்து வைப்பதுபோல. புருஷன் குரலைக் கேட்பதற்காகவே விமலாராணி ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்த வருஷங்கள் உண்டு.

அதைத்தான் கதையாக எழுதியிருந்தாள். அப்படியே எழுதினால் கோயில் பங்கு மக்கள் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஆளை மாற்றினாள். கதையில் வரும் கணவன் ரயில்வே ஸ்டேஷனில் மைக்கில் பேசும் அறிவிப்பாளர். கம்ப்யூட்டர் பேச ஆரம்பிப்பதற்கு முந்தின காலம். வீட்டில் வாயே திறக்காத அவனுடைய குரலைக் கேட்க, மனைவி பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கதையின் பெயர், 'அறிவிப்பாளரின் மனைவி'.

ஃப்ளோராவுக்கு அந்தக் கதைமேல் உயிர். அழைப்பிதழிலேயே கதையின் பெயரைப் போட்டுவிட்டாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிலோமின்ராஜ் புத்தகக் கட்டைப் பார்சல் ஆபீஸிலிருந்து தோளில் தூக்கி வந்தார், அலமாரியில் அடுக்கினார், அதோடு சரி. கதைப்புத்தகம் படிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

தெரிந்தால் கோபித்துக் கத்துவார் என்று விமலாராணி பயப்படவில்லை. கத்தினால் அதுவே நாலைந்து புது வார்த்தை. இருக்கிற நாலும் போய்விடுமோ என்பதுதான் அவள் பயம்.

அதனால் ஏற்பாடு கச்சிதமாகச் செய்திருந்தாள். ஆறேகாலுக்கு அவர் வண்டியில் கொண்டுவந்து கடை வாசலில் விடுவார். அப்படியே கோயிலுக்குப் போய், மறுநாள் வாசகத்தை வழக்கம்போல் ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொள்வார். எட்டு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார். நடுவில் இருக்கிற ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

இப்போது தொண்டை போய்விட்டது. வெந்நீரில் உப்பு போட்டுக் கொப்பளித்தாள். சித்தரத்தை மென்றாள். மத்தியானம் மேஜையில் தொண்டை மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. வைத்தவர் சொல்லாமல் வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போயிருந்தார். சாயங்காலம் வரை அதையும் சப்பினாள். பம்பு சத்தம்கூட நின்று சுத்தமாகக் காற்று மட்டும் வந்தது.

கடையில் கைடு அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி முப்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். முன்னால் முழுக்கப் பங்கு மக்கள். போன ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்பு படித்த பலன். பின்னால் பீங்கான் கம்பெனிப் பெண்கள், பூவாயி தலைமையில், பூ வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்ததுபோல. நடுவில் தலைமை தாங்க வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சக்கரபாணி, மடியில் பொன்னாடையோடு.

"அக்கா! கூட்டத்தப் பாத்தியா? நாக்காலி பத்தாது போலிருக்குது!" என்று ஃப்ளோரா ஓடி வந்தாள்.

விமலாராணி தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். வாயைத் திறந்து காற்றையும் காட்டினாள்.

"ஐயோ மாதாவே!" என்று ஃப்ளோரா தலையில் கை வைத்தாள்.

சக்கரபாணி எழுந்தார். "கவலையே வேணாம்மா. நான் வாசிக்கிறேன்."

ஃப்ளோரா வெலவெலத்துப் போனாள். போன மாதம் அவர் 'சில சொற்கள்' என்று ஆரம்பித்து, எழுத்தாளர் ஊர் திரும்ப வேண்டிய கடைசி பஸ் போகிறவரை பேசியிருந்தார். "ஐயா, நீங்க தலைவரு. தலைவரு வாசிக்கலாமாங்க?" என்று அவரை மெல்ல உட்கார வைத்தாள். அப்புறம் அவள் பார்வை வாசலுக்குப் போனது. அங்கே பிலோமின்ராஜ் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ராஜண்ணே! அண்ணே, நில்லுங்க!"

விமலாராணி பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். அழைப்பிதழைத் திருப்பி, பேனாவைப் பிடுங்கி, 'அவர் வேண்டாம்' என்று எழுதினாள்.

"ஏங்க்கா, வெக்கமா? ஊரே அண்ணன் கொரலுக்காகத்தான் ரெண்டாம் பூசைக்கு வருது."

'அப்போ வேற கதை' என்று எழுதினாள்.

"அழைப்பிதழ்லயே பேரப் போட்டாச்சேக்கா. அதுக்குத்தான வந்துருக்கிறாங்க எல்லாம்!"

பின்வரிசையிலிருந்து பூவாயி குரல் கொடுத்தாள். "ஏண்டி, ஒம் புருஷன் படிச்சா ஒங்கதைக்கு என்னா கொறைஞ்சா போயிடும்?"

குரல் இருந்திருந்தால் விமலாராணி ஆயிரம் காரணம் சொல்லியிருப்பாள். 'அவருக்குக் கண்ணாடி மாத்தணும்' என்றாவது புளுகியிருப்பாள். கையை ஆட்டினாள், தலையை ஆட்டினாள். எல்லோரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிலோமின்ராஜ் ஹெல்மெட்டோடு வாசலில் நின்றார். "நானா? எனக்குக் கதையெல்லாம்..."

"கோயில்ல வாசகம் படிக்கிற மாதிரியே படிங்கண்ணே. அவ்ளோதான்," என்றாள் ஃப்ளோரா.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்கள் கெஞ்சின. தன்னை வாசிக்கச் சொல்லித்தான் கெஞ்சுகிறாள் என்று அவர் நினைத்துவிட்டார்.

"சரி," என்றார்.

ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்தார். செருப்பை மைக் மேஜைக்கு நாலடி முன்னாலேயே கழற்றினார். பலிபீடத்துக்குப் போகிற ஞாபகத்தில் சுவரோரம் திரும்பி, பத்தாம் வகுப்பு கைடு அலமாரியைப் பார்த்து லேசாகத் தலை வணங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். புத்தகத்தை இரண்டு கையாலும் விரித்தார்.

"விமலாராணி எழுதிய நூலிலிருந்து வாசகம்."

முன்வரிசை முழுக்க முதுகை நிமிர்த்திக்கொண்டது. கால்மேல் கால் போட்டிருந்த ஒருவர் அவசரமாக இறக்கினார். சக்கரபாணி மட்டும் "ஆகா" என்றார்.

கதை ஆரம்பித்தது. விமலாராணி நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவளுடைய கணவனுக்கு ஊரில் இரண்டு வாய். ஒன்று ஸ்டேஷன் கூரையில் தொங்கியது. அது தமிழும் இந்தியும் பேசியது. இன்னொன்று வீட்டில் இருந்தது. அது சாப்பிடுவதற்கு மட்டும் திறந்தது."

பின்வரிசையில் குபீரென்று சிரிப்பு. "எங்க வூட்டுலயும் இப்படி ஒண்ணு இருக்குது!" என்று பூவாயி சொல்ல, சிரிப்பு முன்வரிசைக்கும் பரவியது. வாசித்துக்கொண்டிருந்த பிலோமின்ராஜின் உதட்டோரத்தில்கூட ஒரு புன்னகை வந்துபோனது. பாவம், எவனோ ஒரு ரயில்வேக்காரன் என்று நினைத்து அவரும் சிரிக்கிறார் என்பதுதான் விமலாராணியைக் குத்தியது. அழுகை வரும்போல் இருந்தது.

அவர் பக்கத்தைத் திருப்பினார். அவளுக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம். ஏழு நாள் மிக்ஸியோடு போட்டி போட்டவள். அடுத்த பத்தி என்னவென்று தெரியும். எழுந்து போய் புத்தகத்தைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

"ஆபரேஷன் முடிந்து அவள் வீட்டுக்கு வந்த அன்று, அவன் கடைக்குப் போனான். என்னவோ வாங்கி வந்தான். எப்படி இருக்கிறாய் என்று கேட்பான் என்று அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவன் தலைமாட்டில் ஒரு சின்னப் பீங்கான் மணியை வைத்தான். வேண்டுமென்றால் அடி என்பதுபோல் அதை ஒருமுறை..."

குரல் நின்றது.

மின்விசிறி மட்டும் சுற்றியது. பிலோமின்ராஜ் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரியில் வைத்திருந்த ஆள்காட்டி விரல் நகரவில்லை. ஊரில் எத்தனையோ மனைவிகளுக்கு ஆபரேஷன் நடந்திருக்கும். தலைமாட்டில் பீங்கான் மணி வைத்த புருஷன் ஒருவர்தான்.

ஃப்ளோரா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்வையை உயர்த்தி, முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்த விமலாராணியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொள்ள நினைத்தாள். முடியவில்லை.

மூடிவிட்டுப் போய்விடுவார், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

"...அதை ஒருமுறை ஆட்டிக் காட்டினான்," என்று அவர் விட்ட இடத்திலிருந்து வாசித்தார். குரல் இறங்கியிருந்தது. கோயிலில் அவள் கேட்டறியாத குரல். "அவள் இருபத்தி இரண்டு நாள் படுத்திருந்தாள். அந்த மணிக்கு இருந்த நாக்கு அவனுக்கு இல்லை."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பூவாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிலோமின்ராஜ் வாசித்துக்கொண்டே போனார். ஒரு வரி விடவில்லை, ஒரு சொல்லை விழுங்கவில்லை. கதையில் அந்த மனைவி எழுந்து நடக்க முடிந்த முதல் நாள் ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கியில் கணவனின் குரல் வந்தது. வண்டி இருபது நிமிஷம் தாமதம் என்றது.

"'ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்றது அந்தக் குரல். பிளாட்பாரத்தில் இருந்த யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் மட்டும் எழுந்து நின்றாள். கூரையில் தொங்கிய ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து, 'பரவாயில்லைங்க' என்றாள்."

கதை முடிந்துவிட்டது. பிலோமின்ராஜுக்கு அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. மனசு எங்கேயோ இருக்க, வாய் கோயிலில் வாசகத்தை முடிக்கிற தன் பழக்கத்துக்குப் போனது. புத்தகத்தை மூடி, தலையை நிமிர்த்தி, கணீரென்று சொன்னார்.

"இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு."

கோயிலில் பதில் சொல்லிப் பழகிய பதினைந்து பேர் ஒரே குரலில், "இறைவா உமக்கு நன்றி" என்றார்கள்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னவர்களுக்கே உறைத்தது. ஃப்ளோரா வாயைப் பொத்திக்கொண்டாள். பின்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாமளும் எதுனா சொல்லணுமாடி?" என்று பூவாயி கேட்டதும் கடையே சிரிப்பில் அதிர்ந்தது. சக்கரபாணி மட்டும் சிரிக்கவில்லை. "அற்புதமான நவீன உத்தி! கேட்பவரையும் கதைக்குள்ளே இழுத்துவிட்டார் பாருங்கள்," என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

பிலோமின்ராஜ் காது மடல் சிவக்க மைக்கை விட்டு நகரப் பார்த்தார். ஃப்ளோரா விடவில்லை. "அண்ணே, இருங்க. கேள்வி நேரம். அக்காவால பேச முடியாது. தெரிஞ்சதுக்கு நீங்களே சொல்லிடுங்க."

நடுவரிசையிலிருந்து கல்லூரி மாணவி சண்முகப்ரியா எழுந்தாள். "கதையில வர்ற அந்தக் கணவர் உண்மையான ஆளுங்களா, இல்ல கற்பனையா?"

விமலாராணி பாதி எழுந்தாள். 'கற்பனை, கற்பனை' என்று உதட்டை அசைத்தாள். காற்றுதான் வந்தது.

பிலோமின்ராஜ் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உண்மையான ஆளுதாங்க," என்றார். "எனக்குத் தெரிஞ்சவருதான்."

"அவரு இந்தக் கதையப் படிச்சிட்டாருங்களா?"

"இப்பத்தாங்க படிச்சாரு."

சிலருக்குப் புரியவில்லை. சக்கரபாணிக்குச் சுத்தமாகப் புரியவில்லை. ஆனால் முன்வரிசையில் ஒவ்வொரு தலையாக விமலாராணி பக்கம் திரும்பியது. ஃப்ளோரா அழைப்பிதழின் பின்பக்கத்தில் 'அவர் வேண்டாம்' என்று எழுதியிருந்ததை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அப்புறம் விமலாராணியைப் பார்த்தாள். "ஐயோ அக்கா," என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு, அவசர அவசரமாக எல்லோருக்கும் டீ கொடுக்க ஓடினாள்.

பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி விமலாராணியின் கையைப் பிடித்து அமுக்கிவிட்டுப் போனாள். பிலோமின்ராஜ் வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. கடைத்தெருவில் அவர் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதும் பேசவில்லை. போச்சு, நாலும் போச்சு என்று நினைத்தாள். பொன்னாடை காற்றில் படபடத்தது. அதை இழுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

மணிமுத்தாற்றுப் பாலத்தில், நடுப்பாலத்தில், வண்டி நின்றது.

அவர் இறங்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. ஹெல்மெட்டை மட்டும் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினார்.

"அந்த டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க," என்றார். "பத்து நாளைக்கு ஒங்க வூட்டம்மா சத்தம் போட்டு யாரையும் கூப்பிடக் கூடாது, தையல் இழுக்கும்னாங்க. நான் கூடத்துல இருப்பேன், நீ உள்ள இருப்ப. எப்படிக் கூப்பிடுவ? அதான் மணி."

விமலாராணி பொன்னாடையின் நுனியை விரலில் சுற்றினாள்.

"ஒங்கிட்ட சொல்லியிருக்கணும்," என்றார். "சொல்லல."

ஒரு டிராக்டர் தடதடவென்று தாண்டிப் போனது. அது போகிறவரை காத்திருந்தார்.

"மணி அடிக்கும், அடிக்கும்னு காத வெச்சுக்கிட்டே கெடந்தேன். நீ ஒரு தடவகூட அடிக்கல. என்னைக் கூப்பிடப் புடிக்கல போலருக்குதுன்னு நெனச்சிக்கிட்டேன். கதையில அது இல்லயே விமலா."

இல்லைதான். அந்த மணியை ஒருமுறைகூடத் தொடவில்லை அவள். உயிரே போனாலும் அதை ஆட்டிக் கூப்பிட மாட்டேன் என்று வீம்பாகத் திரும்பிப் படுத்ததை அவள் எழுதவில்லை. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டபோதும் தானே எழுந்து போய்த் தண்ணீர் குடித்ததையும், அதற்காக உள்ளுக்குள் ஜெயித்ததுபோல் இருந்ததையும் எழுதவில்லை. எழுதும்போது ஞாபகத்துக்கே வரவில்லை. கதையில் அந்த மனைவி ரொம்ப நல்லவளாக இருந்தாள்.

சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவர் தோளைத் தொட்டு, வாயைத் திறந்தாள். காற்று வந்தது. இன்னும் பலமாக முயன்றாள். இருமல் வந்தது.

"பேசாத, பேசாத," என்று அவர் பதறித் திரும்பினார். "தொண்ட கெட்டுப்பூடும். நாலு நாளு வாயத் தொறக்காத."

அவள் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'அப்ப நீங்க பேசுங்க' என்பதுபோல் அவர் முதுகில் விரலால் இரண்டு முறை தட்டினாள்.

பிலோமின்ராஜ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். வண்டியைக் கிளப்பினார். பாலம் முடிகிறவரை ஒன்றும் இல்லை. அவர் எதையோ தேடிக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு முதுகிலிருந்தே தெரிந்தது. பின்பு தொண்டையைச் செருமிக்கொண்டு, பாதிக் கோயில் குரலும் பாதி வீட்டுக் குரலுமாக ஆரம்பித்தார்.

"இன்னைக்கி ஆபீஸ்ல... கருவேப்பிலங்குறிச்சியிலேருந்து ஒரு பெரியவரு, விருத்தகிரின்னு பேரு, உளுந்து மூட்ட கொண்டாந்தாரு. எட போடலாம்னு ஒரு மூட்டய அவுக்கிறோம். உள்ள என்னா இருக்குதுன்னு நெனைக்கிற?"

அவளுக்குத் தெரியவில்லை. முன்னால் சாய்ந்து, காதை அவர் தோளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"கோழி," என்றார் பிலோமின்ராஜ். "உசுரோட. கேட்டா அந்தாளு சொல்றாரு..."